கிறிஸ்தவ, முஸ்லிம் பள்ளிகளுக்கு என் வரிப்பணத்தில் ஏன் சம்பளம்? இது இந்துக்களுக்கு அநீதி இல்லையா?

அந்தச் சம்பளப் பட்டியலைப் போட்டவன் என்பதால் பதில் சொல்கிறேன். சேலத்தில் கன்னியர் நடத்தும் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றேன். "மிஷனரி கைக்கூலி" என்று எழுதத் தயாராக இருப்பவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் கிறிஸ்தவன் இல்லை. அம்மாப்பேட்டைத் தறிக்காரக் குடும்பம், வீட்டில் பேசுவது கன்னடம், ஆடி வந்தால் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போகிற ஆள்.

நீங்கள் ஏற்காட்டுக்குப் போய்விட்டு வந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மலையில் உள்ள பெரிய போர்டிங் பள்ளிகளின் மைதானத்தையும் மதில் சுவரையும் பார்த்தால் யாருக்கும் இந்தக் கேள்வி வரும். ஆனால் கட்டணம் வாங்கி நடத்தும் ஐசிஎஸ்இ, சிபிஎஸ்இ, மெட்ரிக் பள்ளிகளுக்கு அரசு சம்பளம் கொடுப்பதில்லை. கொடுப்பது உதவிபெறும் பள்ளிகளுக்கு. எங்கள் வளாகத்திலேயே இரண்டு கேட் உண்டு. ஒன்று மெட்ரிக் பள்ளிக்கு, அங்கே வேன் வரும், கார் வரும். இன்னொன்று எங்களுடைய தமிழ்வழிப் பள்ளிக்கு, அங்கே வருவது தறிக்காரர், கொலுசுப் பட்டறைக்காரர், வீட்டு வேலை செய்பவர்களின் பிள்ளைகள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் "கான்வென்ட்" தான்.

அரசு கொடுப்பது அனுமதிக்கப்பட்ட பணியிடத்துக்கான சம்பளம். மாதக் கடைசியில் பட்டியல் போட்டு, தாளாளர் கையெழுத்து வாங்கி, கல்வி அலுவலகத்தில் கொடுத்து, அங்கே ஒரு கேள்வி கேட்டுத் திருப்பியனுப்பி, மறுபடி கொண்டுபோய், அப்புறம்தான் கருவூலம். ஆகஸ்ட் 1ஆம் தேதி எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்களோ அதை வைத்துத்தான் பணியிடம் நிர்ணயம். எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் உபரி. சாமி பெயரைச் சொல்லி ஒரு பணியிடம்கூடக் கூடுதலாக வாங்க முடியாது. என் பட்டியலில் இருந்த பெயர்களில் பாதிக்கு மேல் இந்துக்கள். இதே விதி, இதே படிவத்தில்தான் இந்து அறக்கட்டளைகள் நடத்தும் உதவிபெறும் பள்ளிகளுக்கும் சம்பளம் போகிறது. அரசியல் சட்டத்தின் 30ஆவது பிரிவு சிறுபான்மையினருக்குத் தனியாகப் பணம் கொடு என்று சொல்லவில்லை. உதவி கொடுக்கும்போது சிறுபான்மையினர் நிர்வாகம் என்பதற்காகப் பாகுபாடு காட்டாதே என்றுதான் சொல்கிறது. அதிலும் மதச் சிறுபான்மை, மொழிச் சிறுபான்மை இரண்டும் உண்டு. கன்னடம், தெலுங்கு, சௌராஷ்டிரம் பேசும் இந்துக்களும் சேலத்தில் அந்தத் தகுதியைக் கேட்கலாம்.

"சம்பளம் சரி, மதம் பரப்புகிறார்களே" என்பீர்கள். சிவதாபுரம் பக்கம் வெள்ளிப் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர் இப்படித்தான் ஒருநாள் காலையில் ஆபீசுக்குள் வந்தார். விரல் நுனியெல்லாம் கருத்திருக்கும் அந்தக் கையில் போனைப் பிடித்து, வாட்ஸப்பில் வந்ததை எங்களுக்குக் காட்டினார். "எங்க வரிப்பணத்துல சம்பளம் வாங்கிக்கிட்டு எங்க புள்ளைய ஜெபம் பண்ண வப்பீங்களா?" தலைமையாசிரியை சிஸ்டர் அவரை உட்காரச் சொல்லி ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "எழுதிக் குடுங்கய்யா, நாளையில இருந்து நிக்க வேண்டாம்." அது பெருந்தன்மை இல்லை, சட்டம். 28ஆவது பிரிவின்படி உதவிபெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மத போதனையே கூடாது.

அவர் எழுதிக் கொடுத்தார். மறுநாளிலிருந்து அசெம்பிளி நேரத்தில் அந்தப் பெண் என் மேசைக்குப் பக்கத்து ஸ்டூலில் வந்து உட்கார்ந்துகொண்டு ரப்பர் ஸ்டாம்பை எடுத்துக் கையில் குத்திக்கொள்ளும். கொஞ்ச நாளில் அப்பா மறுபடி வந்தார். அசெம்பிளியில் திருக்குறள் சொல்கிறார்களாம், செய்தி வாசிக்கிறார்களாம், கொடியேற்றம் இருக்கிறதாம், அதெல்லாம் தன் பெண்ணுக்கு ஏன் இல்லை என்றார். நியாயம்தானே? "ஜெபத்துக்கு மட்டும்" என்று கடிதத்தைத் திருத்தி வாங்கி ஃபைலில் வைத்தேன். எல்லாப் பள்ளியிலும் இவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. நடக்கவில்லை என்றால் கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது என்கிறேன்.

இன்னொன்று. அந்த சிஸ்டருக்கு வரும் சம்பளம் அவர் கைக்குத் தங்காது, சபைக்குப் போய்விடும். அதனால் பல காலம் கன்னியர், குருக்கள் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கவில்லை. பிறகு பிடிக்கச் சொன்னார்கள், வழக்குப் போனது, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வரி பிடித்தம் செய்ய வேண்டும் என்று முடித்துவிட்டது. சம்பளம் வாங்கினால் வரி கட்டு, காவியானாலும் வெள்ளையானாலும். என்னைக் கேட்டால் சரியான தீர்ப்பு. சிஸ்டர்கள் இதைப் படித்தால் என்மேல் வருத்தப்படுவார்கள்.

உங்கள் கேள்வியில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஏழைப் பிள்ளைகளுக்கு 25 சதவீத இடத்தைத் தனியார் பள்ளிகள் கொடுக்க வேண்டும், ஆனால் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது என்று 2014இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. ஏழைப் பிள்ளைக்கு இடம் கொடுப்பதில் என்ன சிறுபான்மை, பெரும்பான்மை? 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்திலேயே இரண்டு நீதிபதிகள் அந்தத் தீர்ப்பைச் சந்தேகித்து மறுபரிசீலனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே உங்கள் பக்கம் நான் நிற்கிறேன்.

ஆனால் சமமின்மை எங்கே இருக்கிறது என்று கேட்டால், அது எந்த மதம் என்பதில் இல்லை, யார் முதலில் வந்தார்கள் என்பதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1991-92 கல்வியாண்டு முதல் தொடங்கிய தனியார் பள்ளிக்கு மானியம் கிடையாது. கோட்டைப் பகுதியில் எனக்குத் தெரிந்த பாய் ஒருவர், ஒரு சிறிய டிரஸ்டில் இருப்பவர், பள்ளி தொடங்கிவிட்டு மானியத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று என்னிடம் வந்தார். வருடத்தைக் கேட்டேன், ஃபைலை மூடச் சொல்லிவிட்டேன். வெள்ளைக்காரன் காலத்திலேயே நிலம் வாங்கிப் பள்ளி கட்டியவர்களுக்குச் சம்பளம் வருகிறது, பின்னால் வந்தவர் முஸ்லிமானாலும் கவுண்டர் சங்கமானாலும் கைக்காசு போட வேண்டும்.

என் சகலை கனடாவில் இருக்கிறார், அவரும் இதே கதையைச் சொல்வார். ஒன்டாரியோ மாகாணத்தில் கத்தோலிக்கப் பள்ளிகளின் செலவு முழுக்க அரசுடையது, யூதர், முஸ்லிம், இந்து நடத்தும் பள்ளிகளுக்குக் கிடையாது. 1867இல் நாடு சேர்ந்தபோது செய்துகொண்ட உடன்பாடு அது. 1996இல் அவர்கள் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது, 1999இல் ஐ.நா. மனித உரிமைக் குழு பாகுபாடு என்றது, 2007இல் எல்லா மதப் பள்ளிக்கும் பணம் தருவோம் என்ற கட்சி தேர்தலில் தோற்றது. இன்னும் அப்படியேதான் போகிறது.

எனக்கு வயிறு எரிவது வேறு விஷயத்தில். ஒரே தெருவில் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் எங்கள் பிள்ளைக்கும் ஒரே ஏழ்மை. 2022இல் காலை உணவுத் திட்டம் வந்தபோது அங்கே உப்புமா, இங்கே காலிவயிறு. நகரத்தில் இருக்கும் உதவிபெறும் பள்ளிகளுக்கு அது வந்து சேர 2025 ஆகஸ்ட் ஆனது. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும்தான், உதவிபெறும் பள்ளிக்கு இல்லை. எங்களிடம் உயிரியலில் நல்ல மதிப்பெண் வாங்கிய ஒரு பெண் நர்சிங்குக்குப் போனாள், அதற்கும் அம்மா நகை அடமானம்.

அப்புறம், மானியம் வாங்கும் நிர்வாகங்களின் யோக்கியதை பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். என் மகள் பி.எட். முடித்து, தகுதித் தேர்வும் எழுதித் தேறி, உதவிபெறும் பள்ளி ஒன்றுக்கு விண்ணப்பித்தாள். எங்கள் சொந்த ஆட்கள் நடத்தும் பள்ளி, தாளாளர் எனக்குத் தூரத்து மாமா முறை. "அரசாங்க சம்பளம்ப்பா, சும்மா வருமா?" என்று காபி கொடுத்துவிட்டு அவர் சொன்ன தொகைக்குக் கொண்டலாம்பட்டியில் ஒரு மனை வாங்கலாம். உங்கள் வரிப்பணம் எங்கே போகிறது என்று விசாரிக்க வேண்டுமென்றால் அங்கே விசாரியுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கு எழுதினால் எந்தப் பள்ளிக்கு எத்தனை பணியிடம், எவ்வளவு மானியம் என்று கொடுத்தாக வேண்டும். பள்ளிப் பெயரை வரிசையாகப் போட்டுக் கேளுங்கள், "சிறுபான்மைப் பள்ளிகள்" என்று மட்டும் கேட்காதீர்கள்.