லீவர் ‘பி’யில் இருக்கிறது, வண்டி ‘பி’யில் இருக்கிறதா?

ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளைப் பாதுகாப்புக் குறைபாட்டுக்காகத் தயாரிப்பாளர்கள் திரும்ப அழைப்பது குறித்து வந்த கேள்விகளில் நான்கிற்கு இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது.

கேள்வி: எங்கள் காரில் கியர் கேபிளின் புஷ் (இணைப்பு வளையம்) கழன்றுவிடக்கூடும் என்றும், அதை இலவசமாக மாற்றித் தருவதாகவும் நிறுவனம் கடிதம் அனுப்பியிருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து இன்றுவரை கியரில் ஒரு தொந்தரவும் இல்லை. நன்றாக ஓடும் வண்டியைக் கொண்டுபோய்க் கைவைக்க விடுவது அவசியந்தானா?

பதில்: அவசியந்தான். தொந்தரவு எதுவும் தெரியவில்லை என்பதைக் காரணமாகச் சொல்கிறீர்கள். இந்த வகைக் குறையோ முன்னறிவிப்புத் தராமல் வருவது. பல கார்களில் நீங்கள் கையால் நகர்த்தும் லீவருக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே இருப்பது ஒரு கேபிள் மட்டுமே. அந்தக் கேபிளின் நுனியைக் கியர்பாக்ஸின் மேலுள்ள சிறு நெம்புகோலோடு பிணைத்து வைப்பது ஒரு சிறிய புஷ். எஞ்சின் அறையின் வெப்பத்திலும் ஈரத்திலும் அது நாளடைவில் நைந்து கழன்றுவிட்டால், லீவர் வழக்கம்போல் ‘பி’ (பார்க், அதாவது வண்டியை நிறுத்தி வைக்கும் நிலை) வரை போகும், சாவியையும் எடுக்க முடியும். ஆனால் மறுமுனையில் எதுவும் நகர்ந்திருக்காது. கியர்பாக்ஸ் முன்பு எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில், ஒருவேளை முன்னே ஓடும் ‘டி’யிலோ பின்னே ஓடும் ‘ஆர்’இலோ எந்தக் கியரிலும் சேராத ‘என்’இலோ, இருந்துகொண்டிருக்கும்.

‘பி’ என்பது உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்தால் இதன் ஆபத்து விளங்கும். கியர்பாக்ஸிலிருந்து சக்கரங்களுக்குச் செல்லும் தண்டில் பல்சக்கரம் ஒன்று உண்டு. ‘பி’யில் போட்டதும் ஒரு சிறு எஃகு நாக்கு அதன் பள்ளத்தில் விழுந்து தண்டைச் சுழலவிடாமல் பூட்டுகிறது. அந்த நாக்கு விழவில்லை, ஹேண்ட்பிரேக்கும் போடவில்லை என்றால், சரிவில் நிறுத்திய வண்டியைத் தடுத்து நிறுத்த வேறு எதுவும் இல்லை. ஓட்டுநர் இறங்கிக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும்போதே அது உருளத் தொடங்கிவிடலாம்.

இது கற்பனையான அச்சம் அன்று. ஃபோர்டு நிறுவனம் 2022ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஏறத்தாழ 29 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது இதே புஷ்ஷுக்காகத்தான். புதிய புஷ் பொருத்தி, அதன்மேல் ஒரு பாதுகாப்பு மூடியும் போடுவதே அங்கே அறிவிக்கப்பட்ட தீர்வு. அத்தனை வண்டிகளிலும் புஷ் கழன்றுவிட்டது என்பது இதன் பொருள் அல்ல. எந்த வண்டியில் எப்போது கழலும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாததால்தான் எல்லாவற்றையும் அழைக்கிறார்கள். ஒரு சிறு உதிரிக்காக வண்டியை ஒப்படைக்க வேண்டியிருக்கிறதே என்று சலித்துக்கொள்வது இயல்புதான் என்றாலும், இந்தச் சலிப்பு நியாயமானது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கேள்வி: என் வண்டியில் ஓடும்போதே கியர் திடீரென்று கீழே இறங்கக்கூடும் என்று அறிவிப்பு வந்தது. சர்வீஸ் மையத்திலோ எந்தப் பாகத்தையும் மாற்றாமல், கணினியை இணைத்து மென்பொருளை மட்டும் புதுப்பித்து அனுப்பிவிட்டார்கள். இது கண்துடைப்பு இல்லையா?

பதில்: பல சமயங்களில் இல்லை. இன்றைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் எந்தக் கியரில் ஓட வேண்டும் என்று தீர்மானிப்பது ஒரு கட்டுப்பாட்டுக் கணினி. அது சக்கரங்களுக்குச் செல்லும் தண்டின் வேகத்தை ஒரு சென்சார் வழியாக அறிகிறது. அந்தச் சென்சாரின் சமிக்ஞை ஒரு கணம் அறுந்தால், வண்டி வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கணினி முதல் கியருக்கு இறங்கிவிட வாய்ப்புண்டு. அப்படி இறங்கினால் பின்சக்கரங்கள் வழுக்கி வண்டி கட்டுப்பாட்டை இழக்கலாம். 2024 ஜூனில் ஃபோர்டு தன் 2014 மாடல் எஃப்-150 பிக்கப் வண்டிகளில் சுமார் 5.5 லட்சத்தைத் திரும்ப அழைத்தது இதற்காகவே. சமிக்ஞை அறுந்தாலும் கியரைச் சட்டென்று கீழே இறக்காதே என்று கணினிக்குக் கற்பிப்பது மென்பொருளால் ஆகக்கூடிய வேலைதான். ஆனால் சமிக்ஞை ஏன் அறுகிறது என்பது வேறு கேள்வி. எச்சரிக்கை விளக்கு எரிவதோ கியர் மாறும்போது அதிர்வதோ புதுப்பித்த பிறகும் தொடர்ந்தால், மென்பொருள் போட்டாயிற்று என்ற பதிலோடு திரும்பிவிடாமல், சென்சாரையும் அதன் இணைப்பையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

எல்லாக் குறையையும் மென்பொருள் தீர்த்துவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2004இல் ஹோண்டா சுமார் 11 லட்சம் வண்டிகளை அழைத்தது, இரண்டாம் கியரில் சேரும் வெப்பத்தால் பற்கள் உடைந்து கியர்பாக்ஸ் இறுகிப்போகலாம் என்பதற்காக. அங்கே குறைவாக ஓடிய வண்டிகளில் அந்தக் கியரின்மேல் எண்ணெய் கூடுதலாகப் பாயும்படி ஓர் ஏற்பாடு செய்தார்கள். அதிகம் ஓடிய வண்டிகளில் முதலில் கியரைப் பார்வையிட்டு, வெப்பத்தால் நிறம் மாறியிருந்தால் கியர்பாக்ஸையே மாற்றினார்கள். ஒரே அறிவிப்பின் கீழ் உங்கள் வண்டிக்கு ஒன்றும் அடுத்தவர் வண்டிக்கு வேறொன்றும் செய்யப்படுவது இப்படித்தான். அதில் பாரபட்சம் ஏதும் இல்லை.

கேள்வி: பழைய வண்டி வாங்கியிருக்கிறேன். எனக்குக் கடிதம் எதுவும் வரவில்லை. குறை இருக்கிறதா என்று எப்படி அறிவது?

பதில்: கடிதம் பதிவேட்டில் உள்ள முகவரிக்குப் போகும், அது முந்தைய உரிமையாளரின் வீட்டில் பிரிக்கப்படாமல் கிடக்கலாம். ஆனால் திரும்ப அழைப்பு வண்டியைச் சார்ந்தது, உரிமையாளரைச் சார்ந்தது அல்ல. பதிவுச் சான்றிதழிலும் வண்டியிலும் பொறித்துள்ள 17 இலக்கச் சேஸிஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் இட்டுப் பாருங்கள். அந்த எண்ணில் ஆங்கில எழுத்துகளான ஐ, ஓ, க்யூ மூன்றும் வராது. ஆகவே வட்டமாகத் தெரிவது சுழியம், ஒற்றைக் கோடாகத் தெரிவது ஒன்று. அதே மாடல் வைத்திருக்கும் நண்பருக்கு அழைப்பு வந்ததா என்று கேட்டு முடிவு செய்யாதீர்கள், ஏனெனில் குறிப்பிட்ட தேதிகளுக்கு இடையே தயாரான வண்டிகளை மட்டுமே அழைப்பதும் உண்டு. இலவசமாகச் சரிசெய்து தரும் கடமை எத்தனை ஆண்டு நீடிக்கும் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது: அமெரிக்காவில் வண்டி முதலில் விற்பனையானதிலிருந்து 15 ஆண்டுகள், இந்தியாவில் 2021 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிகள் 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளைப் பற்றியவை. இதே குறையை முன்பே சொந்தச் செலவில் சரிசெய்திருந்தால் ரசீதுகளை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

கேள்வி: உதிரிப் பாகம் வந்துசேர இன்னும் சில வாரங்கள் ஆகும் என்கிறார்கள். அதுவரை வண்டியை ஓட்டலாமா?

பதில்: கடிதத்தை முழுவதும் படியுங்கள். ஓட்டவே கூடாது என்று எழுதியிருந்தால் ஓட்டக் கூடாது. அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. அப்படி இல்லாமல், நிறுத்தும்போது உருளக்கூடும் என்ற வகைக் குறையாக இருந்தால், நிறுத்தும் ஒவ்வொரு முறையும், சமதரையிலும்கூட, கால்பிரேக்கை மிதித்தபடியே ஹேண்ட்பிரேக்கை முழுதாகப் போட்டு, லீவரைப் ‘பி’க்குக் கொண்டுவந்து, எஞ்சினை அணைத்து, காலை மெல்ல எடுத்து வண்டி அசையவில்லை என்று பார்த்த பிறகே இறங்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஒரு நிமிடத்துக்குக்கூட இறங்காதீர்கள்.

காத்திருக்கும் இந்த இடைவெளியை அலட்சியம் செய்யக் கூடாது. 2016 ஏப்ரலில் ஃபியட் கிரைஸ்லர் உலகெங்கும் சுமார் 11 லட்சம் வண்டிகளை அழைத்தது. அவற்றின் லீவர், எந்த நிலைக்குத் தள்ளினாலும் மீண்டும் நடுவுக்கே திரும்பிவிடும் அமைப்புடையது. ‘பி’யில் போட்டுவிட்டதாக நினைத்து இறங்கியவர்கள் உண்மையில் அப்படிப் போட்டிருக்கவில்லை. அந்த அறிவிப்பு வந்து இரண்டு மாதங்களில், அந்தப் பட்டியலில் இருந்த ஜீப் ஒன்று சரிவில் உருண்டுவந்து நெருக்கியதில் நடிகர் ஆன்டன் யெல்சின் உயிரிழந்தார். ஓட்டுநர் கதவைத் திறந்தால் வண்டி தானாகவே ‘பி’க்கு மாறும் மென்பொருள்தான் அங்கே தீர்வாக அமைந்தது.

ஓடும்போது கியர் இறங்கும் வகைக் குறையென்றால் அதிவேகப் பயணங்களையும் மழையில் நனைந்த சாலைகளையும் இயன்றவரை தள்ளிப்போடுங்கள். மாற்று வண்டி தருவார்களா என்று சர்வீஸ் மையத்தில் வாய்விட்டுக் கேளுங்கள். சில அழைப்புகளில் நிறுவனங்களே தருவதுண்டு, ஆனால் கேட்காதவரிடம் வலியச் சொல்பவர்கள் குறைவு. வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது, திரும்ப அழைப்பின் எண்ணும் செய்த வேலையும் எழுதிய ரசீதைப் பெற்று, பதிவுச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள். சில நாட்கள் கழித்து அதே இணையதளத்தில் சேஸிஸ் எண்ணை மறுபடியும் இட்டு, நிலுவை எதுவும் இல்லை என்று காட்டுகிறதா என்று பாருங்கள்.