ஊசுட்டேரியில் வாத்து சுட்ட துப்பாக்கி

கேள்வி: தாத்தா புதுச்சேரி ஊசுட்டேரியில் வாத்து சுட்ட துப்பாக்கி, லைசென்சோடு வீட்டில் இருக்கிறது. இரும்பில் பிரெஞ்சில் 'செயின்ட் எத்தியேன்', '1874' என்று வெட்டியிருக்கிறது. பட்டாளத்துத் துப்பாக்கியா? — வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: சந்தேகமே வேண்டாம், பட்டாளத்துச் சரக்குதான். பிரெஞ்சு ராணுவத்தின் கிரா துப்பாக்கி. செயின்ட் எத்தியேன் என்பது அதைச் செய்த ஆயுதத் தொழிற்சாலை இருந்த ஊர். ஒரு தடவைக்கு ஒரே தோட்டா, 11 மில்லிமீட்டர். 1874 என்பது மாடலின் பெயர். செய்த வருஷம் வேறு. குழலின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள், தனியாக ஒரு வருஷம் தென்படலாம். 1886இல் லெபல் என்ற புதிய ராணுவத் துப்பாக்கி வந்ததும் கிராவுக்கு மவுசு போய்விட்டது. பழையதை வாங்கிய வியாபாரிகள் முன்கட்டையைக் குறுக்கி, குழலைக் குடைந்து, ரவை (சின்னச் சின்ன ஈயக் குண்டுகள்) போடும் வேட்டைத் துப்பாக்கியாக்கி விற்றார்கள். நீங்கள் அனுப்பிய போட்டோவில் குழல் நுனியின் வலப்பக்கம் அரம் போட்ட தழும்பு தெரிகிறதே, அது பயோனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) மாட்டும் கட்டை இருந்த இடம். அதைப் பார்த்ததும் எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை! போல்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் குழலுக்குள் பாருங்கள். தோட்டாவைச் சுழலவைக்கும் சுருள் வரி இல்லாமல் வழவழவென்றிருந்தால் குடைந்ததுதான். சுட்டுப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். குடைந்த குழல் மெலிந்திருக்கும். ஊசுட்டேரியும் இப்போது பறவைகள் சரணாலயம். லைசென்ஸ் தாத்தா பெயரிலேயே இருந்தால், முதலில் அதை மாற்றுங்கள்.