பரலோகக் குடியிருப்பும் ஓட்டுரிமையும்

அன்புள்ள ஐயா,

எனக்கு இந்த ஆண்டுதான் ஓட்டுரிமை வந்திருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் ஓட்டுப் போடுவதில்லை. "நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது" என்ற வசனத்தைச் சொல்லித்தான் அப்பா என்னை வளர்த்தார். எங்கள் போதகரும் அதையே பிரசங்கிக்கிறார். ஜனங்கள் இயேசுவை ராஜாவாக்க வந்தபோது அவர் மலைக்கு விலகிப்போனார், அரசியலில் கை வைத்தால் கறை படியும் என்கிறார். என் நண்பனின் சபையிலோ யாருக்குப் போட வேண்டும் என்று பிரசங்க பீடத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். மாற்றிப் போடுபவன் விசுவாசியே அல்ல என்பதுபோலப் பேசுகிறார்கள். இரண்டுமே எனக்கு நெருடுகிறது. அப்பாவின் மனம் நோகாமல், வேதத்தை விட்டும் விலகாமல் நான் என்ன செய்வது?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா சொல்லித்தந்த வசனத்திலிருந்தே தொடங்குகிறேன். பிலிப்பியர் 3:20. பவுல் அதை எந்த ஊர்ச் சபைக்கு எழுதினார் என்று பாருங்கள்.

பிலிப்பி, மக்கெதோனியாவில் இருந்த ரோமக் குடியேற்ற நகரம். கி.மு. 42இல் அங்கே நடந்த போருக்குப் பிறகு ஓய்வுபெற்ற படைவீரர்களை அங்கே குடியமர்த்தினார்கள். ரோமக் குடிமகன் என்ற பெருமை ஊறிய ஊர். அங்கேதான் பவுலையும் சீலாவையும் பிடித்து, விசாரணை இல்லாமல், எல்லார் முன்பாகவும் துணியை உரிந்து அடித்தார்கள். உட்காவலறையில் கால்களைத் தொழுமரத்தில் மாட்டினார்கள். நடுராத்திரிப் பாட்டும் பூமியதிர்ச்சியும் சிறைச்சாலைக்காரன் இரட்சிக்கப்பட்டதும் ஞாயிறு பள்ளியிலேயே நமக்கு மனப்பாடம். அநேகமாக அதோடு கதையை நிறுத்திவிடுகிறோம்.

விடிந்ததும் அதிகாரிகள் சேவகரை அனுப்பி, அவர்களை விட்டுவிடச் சொல்கிறார்கள். கதவு திறந்திருக்கிறது, போகலாம். பவுல் போகவில்லை. ரோமராகிய எங்களை விசாரியாமல் வெளியரங்கமாய் அடித்தீர்கள், இப்போது இரகசியமாய் அனுப்புகிறீர்களோ, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்து விடட்டும் என்கிறார். முதுகில் காயம் ஆறவில்லை. அந்த நிலையில் உட்கார்ந்துகொண்டு சட்டம் பேசுகிறார். அதிகாரிகள் பயந்துபோய், நேரில் வந்து, கெஞ்சி அழைத்துப்போகிறார்கள்.

ஏன் அப்படிச் செய்தார் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் இதை எழுதிய லூக்கா காரணம் எழுதவில்லை. நான் புரிந்துகொண்டது இது: பவுல் அன்றே ஊரைவிட்டுப் போய்விடுவார். அந்த ஊரில் விசுவாசியான லீதியாளும் சிறைச்சாலைக்காரனின் குடும்பமும் அங்கேதான் வாழ வேண்டும். இனி இவர்கள்மேல் கை வைக்குமுன் அதிகாரிகள் ஒருமுறை யோசிப்பார்கள். தனக்கு அடி விழுந்து முடிந்த பிறகு அவர் தன் குடியுரிமையை எடுத்துக் காட்டியது மற்றவர்களுக்காக என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதே ஊர்ச் சபைக்கு அதே மனிதர் எழுதிய வரிதான் "நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது." கிரேக்க மூலத்தில் 'குடியிருப்பு' என்ற இடத்தில் வரும் சொல் 'பொலிதெயுமா'. குடியுரிமை, குடிமக்கள் சமூகம் என்று பொருள். ரோமக் குடியுரிமையைப் பெரிதாக நினைத்த ஊருக்கு, அதைவிடப் பெரிய ஒன்று உங்களுக்கு உண்டு என்று சொல்கிறார். சிறியதைக் கிழித்துப்போடச் சொல்லவில்லை. அவரே கிழித்துப்போடவில்லை. பிற்பாடு இராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசருக்கு, அபயமிட்டு மேல்முறையீடும் செய்தார்.

இயேசு மலைக்குப் போனது உண்மை. பலவந்தமாய் முடிசூட்ட வந்தவர்களிடமிருந்து விலகிப்போனார். ஆனால் ரோம ஆட்சியின் கீழிருந்த யூதருக்கு இராயனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. இன்று ஆளுகிறவரை அமர்த்தும் பொறுப்பில் ஒரு துளி உங்கள் கையில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விட்டால் கை சுத்தமாகவே இருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. விதவையின் வழக்கை யார் விசாரிப்பது, அகதியை உள்ளே விடுவதா என்பதையெல்லாம் அந்த ஆட்சிதான் முடிவுசெய்யும்.

விலகி நிற்பவர்களை நான் இளக்காரமாக நினைக்கவில்லை. 1527இல் சுவிட்சர்லாந்தின் ஷ்லைட்ஹைமில் கூடிய அனபாப்டிஸ்டுகள் (குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத கிறிஸ்தவர்கள்), கிறிஸ்துவின் சீஷன் வாளையும் நீதிபதி பதவியையும் ஏற்கக் கூடாது என்று அறிக்கை எழுதினார்கள். உங்கள் போதகர் காட்டும் அதே மலையை அவர்களும் காட்டினார்கள். அதை எழுதியவராகக் கருதப்படும் மைக்கேல் சட்லரைச் சில மாதங்களிலேயே எரித்துக் கொன்றார்கள். உயிரைக் கொடுத்து நின்ற நிலைப்பாடு அது. இன்று ஒருவர் அவர்களைப்போலவே மனசாட்சியின்படி ஓட்டுப் போடாமல், எளியவர்களுக்காக வேறு வழியில் உழைத்தால் அவரை வணங்குவேன். தேர்தல் நாளில் வீட்டிலேயே இருந்துவிட்டு அதைப் பரிசுத்தம் என்று சொல்வது வேறு.

வில்லியம் வில்பர்போர்ஸ் 1785இல் உங்களைப்போலவே தவித்தார். அப்போதே பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர், வயது 26. மனந்திரும்பியதும் அரசியலை விட்டுவிட வேண்டுமோ என்று கலங்கி, யாருக்கும் தெரியாமல் ஜான் நியூட்டனைப் பார்க்கப் போனார். ஒரு காலத்தில் அடிமைக் கப்பலின் தலைவனாக இருந்து பின்பு போதகரானவர் நியூட்டன். இருக்கிற இடத்திலேயே இரு என்றுதான் அவர் ஆலோசனை சொன்னார். 1791இல் அடிமை வணிகத்தை ஒழிக்கும் தீர்மானம் 163க்கு 88 என்று தோற்றது. தடைச் சட்டம் வந்தது 1807இல்தான். இடைப்பட்ட காலத்தில் ஓட்டுரிமையே இல்லாத பெண்கள், அடிமைகள் விளைவித்த சர்க்கரையை வீட்டுக்குள் விடமாட்டோம் என்று நிறுத்தினார்கள். இதையும் அரசியல் பங்கேற்பு என்றுதான் சொல்வேன். ஓட்டு அதில் ஒரு பகுதி, அவ்வளவுதான்.

உங்கள் நண்பனின் சபையைப் பற்றி எனக்கு அதிகக் கவலை. 1933இல் ஜெர்மனியில் 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' என்ற அணி, சிலுவையோடு ஸ்வஸ்திகாவைச் சேர்த்துச் சின்னமாக வைத்துக்கொண்டு, ஹிட்லரின் ஆதரவோடு புராட்டஸ்டன்ட் திருச்சபைத் தேர்தலில் வென்றது. அவர்களும் அரசியலில் ஊக்கமாகப் பங்கெடுத்தவர்கள்தான்! மறு ஆண்டு அவர்களை எதிர்த்து ஜெர்மனியின் பார்மென் நகரில் கூடிய கிறிஸ்தவர்கள், சபை செவிகொடுக்க வேண்டியது தேவனுடைய ஒரே வார்த்தையாகிய கிறிஸ்துவுக்குத்தான் என்று அறிக்கையிட வேண்டிவந்தது. நீதி எது, அநீதி எது என்று பீடத்திலிருந்து உரக்கச் சொல்லட்டும். ஆனால் சபையாரின் ஓட்டை மொத்தமாகக் கட்டி ஒரு கட்சியிடம் கொடுக்க எந்தப் போதகருக்கும் அதிகாரமில்லை. அவர் கணக்கொப்புவிக்க வேண்டியது ஆத்துமாக்களுக்காக.

எப்படித் தேர்ந்தெடுப்பது? "நம்ம ஆள்" என்று பார்க்காதீர்கள். பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கே எரேமியா அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடச் சொல்லி எழுதினார். அந்தப் பட்டணத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் யெகோவாவை அறியாதவர்கள். ஆகவே சபைக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு முன்னால், உங்கள் பக்கத்துவீட்டுக்காரருக்கு, வேறு மதத்தவராகவே இருக்கட்டும், இவர் ஆட்சியில் என்ன நேரும் என்று கேளுங்கள்.

அப்பாவோடு வாதாட வேண்டாம். உங்களுக்குக் கறை படிந்துவிடக் கூடாதே என்ற பயம் அவருக்கு, அது அன்பிலிருந்து வருவது. ஒருநாள் குடும்ப ஜெபத்தில் அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தைச் சேர்ந்து வாசிக்கலாமா என்று கேளுங்கள். சிறைச்சாலைக்காரனோடு நிறுத்திவிடாமல், 40ஆம் வசனம் வரைக்கும் வாசியுங்கள். 37ஆம் வசனத்தை அவரையே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.