கூந்தன்குளம் போகிறீர்களா? முதலில் வாடைக் காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள்

கேள்வி: டிசம்பர் கடைசியில் கோடியக்கரை போயிருந்தேன். நடுத்தர விலைக் கேமரா, 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ். விடுதியை விட்டு வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படிந்து முதல் அரை மணி நேரம் எதுவும் எடுக்க முடியவில்லை. பனிமூட்டத்தில் எடுத்ததெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது, வெயில் வந்த பிறகு எடுத்த கொக்குகள் வெறும் வெள்ளைத் திட்டு. தூரத்தில் நின்ற பூநாரைகளில் ஒன்றுகூடத் தெளிவாக இல்லை. பொங்கல் விடுமுறையில் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போகிறேன். லென்ஸை மாற்ற வேண்டுமா? — திருச்சியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: மாற்ற வேண்டாம். அந்த லென்ஸ் போதும். நீங்கள் சொன்ன நான்கு குறைகளில் ஒன்றுகூட லென்ஸின் குறை இல்லை, நான்கும் நம் ஊர்க் குளிர்காலத்தின் இயல்பிலிருந்து வருபவை. அந்த இயல்பு பிடிபட்டுவிட்டால் இந்த மாதங்களைப் போலப் படமெடுக்க வாகான காலம் நமக்கு வேறு கிடையாது.

ஆவியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதுதான் விடியலின் முதல் அரை மணி நேரத்தை, அதாவது நாளின் மிக நல்ல நேரத்தைத் தின்றுவிடுகிறது. பனி பெய்யும் நாடுகளில் வெளியே குளிர், உள்ளே வெதுவெதுப்பு, அதனால் வீடு திரும்பும்போதுதான் லென்ஸ் வியர்க்கும். நமக்கு அது தலைகீழ். இரவெல்லாம் ஏசி அறையில் கிடந்த லென்ஸ் சில்லென்று இருக்கிறது, கடலோரக் காற்றோ மார்கழியிலும் ஈரம் நிறைந்தது, அறைக் கதவைத் திறந்த மாத்திரத்தில் குளிர்ந்த மோர்ச் சொம்பின் வெளிப்புறத்தில் முத்து முத்தாகத் தண்ணீர் கோப்பது போல லென்ஸ் கண்ணாடியிலும் கோத்துவிடுகிறது. துணியால் துடைப்பீர்கள், பத்து எண்ணுவதற்குள் மறுபடியும் மங்கும், ஏனென்றால் கண்ணாடி இன்னும் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. துடைக்கத் துடைக்க மேல்பூச்சில் கீறல் விழுவதுதான் மிச்சம். பனிமூட்டத்தைவிட இந்த ஏசி ஆவிதான் அதிகப் படங்களைக் கெடுத்திருக்கிறது என்பது என் அனுபவம்.

இதற்குச் செலவு ஏதும் இல்லை. இரவில் கேமராப் பையை ஏசி இல்லாத இடத்தில் வையுங்கள், பூட்டிய வராந்தாவோ ஏசி காற்று போகாத பக்கத்து அறையோ எதுவானாலும் சரி. அப்படி இடமில்லை என்றால் அறைக்குள்ளேயே கேமராவையும் லென்ஸையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுகக் கட்டி, கட்டியபடியே வெளியே கொண்டுவாருங்கள். ஈரம் பையின் வெளிப்புறத்தில் படியும், உள்ளே கண்ணாடி மெல்ல வெளிச்சூட்டுக்கு வந்துவிடும். முக்கால் மணி நேரம் கொடுத்தால் போதும். காரில் போகிறவர்கள் ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலை இறக்கிக்கொண்டு போக வேண்டும், முடியாதென்றால் பையை டிக்கியில் வைக்க வேண்டும். இருட்டோடு கிளம்பி ஒரு மணி நேரம் ஏசி காரில் போய், இறங்கிய உடனே கேமராவை எடுக்கிறவர்கள் எத்தனையோ பேர்.

அடுத்தது சாம்பல் படமும் வெள்ளைத் திட்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரான குறைகள், ஒரே காலையில் இரண்டும் வந்ததால்தான் கேமராவில் ஏதோ கோளாறு என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. கேமராவின் ஒளி அளவி எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறத்தில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். பனிமூட்டம் படச் சட்டம் (ஃப்ரேம்) முழுக்க வெளுப்பு. அதைப் பார்த்து, வெளிச்சம் அதிகம் போலிருக்கிறது என்று கேமரா குறைத்துவிடுகிறது, வெளுத்த வேட்டி பழுப்பாகிவிடுகிறது. கொக்கு விஷயத்தில் நடப்பது வேறு. சாணம் தெளித்த வாசலில் மாக்கோலத்தை நினைத்துப் பாருங்கள், வாசல் பெரிது, இருட்டு; கோலம் மெல்லிசு, வெள்ளை. கேமரா வாசலைப் பார்த்து வெளிச்சத்தை ஏற்றிவிடும், கோலத்தின் இழை வெடித்துப் போகும். கருத்த தண்ணீரில் நிற்கும் கொக்கும் அந்தக் கோலம்தான்.

ஆகவே பனிமூட்டத்தில், கேமரா கணிக்கும் வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைக்க உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +0.7 முதல் +1 வரை ஏற்றுங்கள். வெயில் பட்ட வெள்ளைப் பறவை கருத்த பின்னணியில் நின்றால் -0.7 முதல் -1 வரை இறக்குங்கள், சட்டத்தில் பறவை சின்னதாகத் தெரிகிற அளவுக்கு இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டிவரும். வெளுத்துப் போன இடங்கள் மின்னிக் காட்டும் வசதி அநேகமாக எல்லாக் கேமராவிலும் இருக்கிறது, அதைப் போட்டு வையுங்கள். கொக்கின் முதுகு மின்னினால் அங்கே இறகின் விவரம் பதிவாகாமல் போயிருக்கலாம் என்று அர்த்தம், முழுக்கப் போயிருந்தால் எந்த மென்பொருளும் அதைத் திருப்பித் தராது. கேமரா பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா (RAW) வடிவில் எடுத்தால் நிழலில் ஒளிந்த விவரத்தை ஓரளவு மீட்கலாம், வெடித்த வெள்ளையை மீட்கவே முடியாது, எனவே சந்தேகம் வந்தால் இருட்டுப் பக்கம் சாயுங்கள்.

தூரத்துப் பூநாரை தெளிவாக வராததற்கு, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், கானல்தான், அதாவது சூடும் குளிரும் கலந்து காற்று நெளிவதுதான் காரணம். கோடைக்கு மட்டும்தான் கானல் என்று நினைக்கிறோம். குளிர்காலத்தில் உப்பளத் தரை 9 மணிக்கெல்லாம் சூடேறி மேலே இருக்கும் குளிர்ந்த காற்றைக் கலக்க ஆரம்பித்துவிடும், விடியலிலும்கூட காற்றைவிடத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் நீர்மட்டத்தை ஒட்டி அதே நெளிவு இருக்கும். சோதித்துப் பார்க்க எளிய வழி: நின்றுகொண்டிருக்கும் ஒரே பறவையைத் தொடர்ந்து இருபது படம் எடுத்துக் கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். கை ஆட்டமாக இருந்தால் விளிம்பெல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருக்கும். கானலாக இருந்தால் ஒரு படத்தில் கழுத்து நெளியும், அடுத்ததில் கால் நெளியும், ஏதாவது ஒன்று தற்செயலாகச் சுத்தமாக விழும். கானலுக்கு இன்னும் நீள லென்ஸ் மருந்தல்ல, நெளிவையும் சேர்த்தே அது பெரிதாக்கும். இடையில் இருக்கும் காற்றைக் குறைப்பது ஒன்றுதான் வழி, அதாவது பறவை நமக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பக்கத்தில் என்றால் நாம் போவதல்ல, அது வருவது. இங்கேதான் வாடையும் வெயிலும் வருகின்றன, நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல நினைப்பதும் இதுதான். பறவைகள் காற்றை எதிர்த்தே எழும்பும், எதிர்த்தே இறங்கும். கொக்கோ வாத்தோ ஓடி எழும்பும் பூநாரையோ, பெரும்பாலும் இதற்கு விலக்கில்லை. மார்கழி, தையில் நமக்கு அடிப்பது வடக்கிலும் வடகிழக்கிலுமிருந்து வரும் வாடை. அப்படியென்றால் குளத்தில் இறங்கும் பறவையின் முகம் வடகிழக்கைப் பார்த்திருக்கும். பொங்கல் சமயத்தில் திருநெல்வேலிப் பக்கம் சூரியன் 6.40 வாக்கில் உதிக்கிறது, அதுவும் நேர்கிழக்கில் அல்ல, இருபது டிகிரிக்கு மேல் தெற்கே தள்ளி. நீங்கள் கிழக்குக் கரையில் உட்கார்ந்து மேற்கே பார்த்தால் வெயில் உங்கள் முதுகில், பறவை உங்களைச் சாய்ந்து நோக்கி வரும், அதன் முகத்தில் ஒளி, கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம். காற்று, வெயில், பறவை மூன்றும் ஒத்துப்போகிற இப்படி ஒரு காலை குளிர்காலத்தில்தான் நமக்கு அமைகிறது. சாயங்காலம் அப்படி இல்லை. சூரியன் தென்மேற்கே போயிருக்கும், பறவை இன்னும் வாடையைத்தான் பார்த்து இறங்கும், முகம் நிழலில் இருக்கும். மாலையில் முகத்தைத் தேடாமல் கருநிழல் உருவங்களை எடுங்கள், அதற்கு அது அருமையான நேரம். ஒரு எச்சரிக்கை: உள்நாட்டில் விடியலில் காற்று அடங்கியோ திசை மாறியோ இருக்கலாம், அதனால் கரைக்குப் போனதும் கோரையும் நாணலும் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்த்துவிட்டு இடம் பிடியுங்கள்.

கூந்தன்குளத்தில் உங்களுக்கு வாய்க்கக்கூடிய பெரிய பேறு வரித்தலை வாத்து. வெள்ளைத் தலையில் பிடரியை ஒட்டி இரண்டு கறுப்புக் கோடுகள், சாம்பல் உடம்பு, ஆரஞ்சு மஞ்சளில் அலகும் காலும். திபெத், மங்கோலியா பக்கத்து உயர்நில ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி நம் குளத்துக்கு வருகிற உயிர் அது. இரவில் வயலிலும் புல்வெளியிலும் மேய்ந்துவிட்டு விடியலில் குளத்துக்குத் திரும்பும், பகலில் பெரும்பாலும் ஓரமாக ஓய்வெடுக்கும். ஆகவே உங்கள் வேலை எல்லாம் அவை திரும்பி வருவதற்கு முன்பே, இருட்டோடு இருட்டாக, கரைச்சரிவில் உட்கார்ந்துவிடுவதுதான். கரை உச்சியில் வானத்தை முதுகாக வைத்து நிற்காதீர்கள், நின்ற மனித உருவம்தான் பறவைக்குப் பயம். பழைய ஜீன்ஸ் காலை முழங்காலோடு வெட்டி, ஒரு முனையைத் தைத்து, பிளாஸ்டிக் பைக்குள் அரிசியோ பயறோ கட்டி உள்ளே திணித்தால் லென்ஸ் வைக்க நல்ல தலையணை கிடைத்துவிடும். முக்காலியை விரிக்கும் சத்தமும் இல்லை, கேமரா தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்திலும் வந்துவிடும். பிளாஸ்டிக் பையை விட்டுவிடாதீர்கள், பனியில் நனைந்த அரிசி இரண்டே நாளில் நாறும்.

முதலில் குரல்தான் கேட்கும், மூக்கால் கூப்பிடுவது போல. அப்புறம் மூட்டத்துக்குள் சாம்பல் கோடாக வரிசை தெரியும். இறங்கும் நேரத்தில் இறக்கையைக் கிண்ணம் மாதிரி வளைத்து, இரண்டு காலையும் முன்னால் நீட்டி, விரல்களுக்கு நடுவே இருக்கும் சவ்வு விரிந்து தெரிய, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நிற்கும். அந்த ஒரு நொடிக்கு ஷட்டர் ஸ்பீட் 1/2000 நொடி வேண்டும், நிற்கும் பறவைக்கு 1/500 போதும். ஒளியைக் கேமரா எவ்வளவு உணர வேண்டும் என்று சொல்லும் ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டு உச்ச வரம்பை 6400 என்று வையுங்கள். புள்ளி புள்ளியாக இருந்தாலும் கண் கூர்மையாக விழுந்த படம் படம்தான், ஐஎஸ்ஓவுக்குப் பயந்து ஷட்டரைக் குறைத்துக் கலங்கிப்போன படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது. மூட்டத்தில் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும், அப்போது ஒற்றைப் புள்ளியை வைத்துத் தலைக்கோடு போல மாறுபாடு கூடிய இடத்தைப் பிடியுங்கள், லென்ஸில் தூர வரம்பு சுவிட்ச் இருந்தால் கிட்டத்துத் தூரங்களை அடைத்துவிடுங்கள்.

பறவை அருகில் வராத நாளும் இருக்கும். அன்று 600-ஐ விட்டுவிட்டு 150-க்கு வாருங்கள். கருவேல மரங்கள் ஒன்றின்பின் ஒன்றாக மூட்டத்தில் வெளிறிக்கொண்டே போவதையும், நடுவே ஒரே ஒரு நாரை நிற்பதையும் எடுங்கள். எனக்கு மிகவும் பிடித்த குளிர்காலப் படங்களில் பாதி, பறவை சட்டத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு இருப்பவைதான்.

இன்னொன்றைக் கேட்காமலே சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகக் கல் எறிவது, கைதட்டுவது, கூட்டத்துக்குள் ஓடுவது கூடவே கூடாது. இந்த வாத்துகள் மார்ச் வாக்கில் மறுபடியும் இமயத்தைத் தாண்டக் கிளம்ப வேண்டும், இப்போது தின்று சேர்க்கும் கொழுப்புதான் வழிச்சோறு. ஒவ்வொரு முறை கிளப்பிவிடும்போதும் அதிலிருந்து ஒரு பிடியை நாம் பறிக்கிறோம். மேய்ச்சல் நின்று, கழுத்துகள் எல்லாம் ஒரே சமயத்தில் நிமிர்ந்து உங்கள் பக்கம் திரும்பினால், நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். அசையாமல் உட்காருங்கள், கழுத்து தாழவில்லை என்றால் பின்வாங்குங்கள். தண்ணீர் நன்றாக இருக்கும் ஆண்டுகளில் பொங்கலை ஒட்டி மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரங்களில் கூடு கட்டத் தொடங்கிவிடும். அந்த மரத்தடியில் எச்சமும் மீன் நாற்றமும் சகித்துக்கொண்டு ஊர்க்காரர்கள் வாழ்கிறார்கள், கூட்டிலிருந்து விழும் குஞ்சை எடுத்து வளர்க்கிறார்கள். வேடந்தாங்கல் போலவும், தீபாவளிக்கும் பட்டாசு வெடிக்காத சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி போலவும் ஊரே காத்த இடம் அது. கூட்டுக்கு அடியில் ஃபிளாஷ் அடிக்காதீர்கள், வாசலில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நில்லுங்கள். சரணாலயத்தில் அனுமதியில்லாமல் டிரோன் பறக்கவிடுவது சட்டப்படியே தவறு.

கிளம்புவதற்கு முன் குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். மணிமுத்தாறு தண்ணீரும் வடகிழக்குப் பருவமழையும் கைகொடுத்த ஆண்டில்தான் கூட்டம் சேரும். மழை மிக அதிகமான ஆண்டில் ஒரு விநோதம் நடக்கும், சுற்றியுள்ள குளமெல்லாம் நிரம்பியிருப்பதால் பறவைகள் பிரிந்து போய்விடும். அப்படி இருந்தால் வழியில் தென்படும் பெயர் தெரியாத குளங்களில் நின்று பாருங்கள், அங்கே உங்களைத் தவிர வேறு கேமரா இருக்காது.

திரும்பி வந்ததும் செய்ய வேண்டியது. கோடியக்கரையில் உப்புக் காற்று பட்ட லென்ஸை இன்னும் துடைக்கவில்லை என்றால் இன்றே லேசாக ஈரமாக்கிய துணியால் வெளிப்புறத்தைத் துடைத்துக் காயவிடுங்கள். பனியில் நனைந்த கேமராவை உடனே பையில் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும், வெயில் நேராகப் படாத இடத்தில் காற்றாட இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். அரிசிப் பானைக்குள் வைக்கும் பழக்கம் வேண்டாம், அதன் தூசி ஜூம் வளையத்துக்குள் போய்விடும். சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் வாணலியில் மெல்லிய தீயில் வறுத்தால் மறுபடியும் பயன்படும், ஆனால் அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.