1187: தண்ணீரும் பத்துத் தினாரும்

சிலுவைப் போர்க் காலத்தில் ஒரே ஆண்டுக்குள் எல்லாம் தலைகீழாகிப்போன ஆண்டு எது, அதில் என்னென்ன நடந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். தயக்கமே இல்லாமல் 1187 என்பேன்.

பல ஆண்டுகளாக இந்தக் காலத்தைப் பற்றி வாசித்துவருகிறேன். எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட சுல்தான் சலாஹுத்தீனின் பெருந்தன்மையைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் முதலில் இந்த ஆண்டுக்குள் நுழைந்தேன். அந்தப் பெருந்தன்மை உண்மைதான். ஆனால் இப்போது என்னைத் திரும்பத் திரும்ப இழுப்பவர்கள் வேறு ஆட்கள்: குடிக்க ஒரு வாய்த் தண்ணீர் கிடைக்காமல் மலைச்சரிவில் விழுந்தவர்களும், பத்துத் தினார் பொற்காசு இல்லாததால் அடிமைச் சந்தைக்குப் போனவர்களும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1099 முதல் ஜெருசலேம் பிராங்குகளின் கையில் இருந்தது. மேற்கு ஐரோப்பியர் எல்லோரையும் அரபு மக்கள் அப்படித்தான் அழைத்தார்கள். தொழுநோயோடு போராடியபடியே நாட்டைக் காத்த மன்னர் நான்காம் பால்ட்வின் 1185இல் இறந்தார். அடுத்து அரியணையில் அமர்ந்த சிறுவனும் மறு ஆண்டே இறந்துபோனான். பால்ட்வினின் சகோதரி சிபில்லா முடிசூடி, தன் கணவர் கீ த லூசிஞ்ஞானையும் மன்னராக்கினார். பிரபுக்களில் பாதிப் பேருக்கு அவர்மேல் நம்பிக்கை கிடையாது. அவர்களில் முதன்மையானவர் திரிப்போலியின் ரேமண்ட்.

சலாஹுத்தீனோடு அப்போது போர்நிறுத்தம் இருந்தது. கெராக் கோட்டையின் தலைவர் ரெனால்ட் அதை மதிக்கவில்லை. கெய்ரோவிலிருந்து டமாஸ்கஸுக்குச் சென்ற வணிகக் கூட்டத்தைக் கொள்ளையடித்து, ஆட்களைச் சிறைபிடித்தார். திருப்பிக் கொடுக்கும்படி மன்னரே கேட்டும் மறுத்துவிட்டார். அவரை என் கையாலேயே கொல்வேன் என்று சலாஹுத்தீன் சபதம் செய்தார். மே 1ஆம் தேதி கிரெஸ்ஸன் ஊற்றருகே நடந்த மோதலில், நூற்றுச் சொச்சம் வீரர்களோடு சலாஹுத்தீனின் ஒரு பெரும் படைமேல் பாய்ந்தார், டெம்ப்ளர்கள் என்ற துறவி வீரர் அமைப்பின் தலைவர் ஜெரார்டு. அதைப் போன்ற இன்னொரு அமைப்பான ஹாஸ்பிட்டலர்களின் தலைவர் அங்கேயே மாண்டார். ஜெரார்டு தப்பிவிட்டார். அவர் தப்பியதுதான் பின்னால் வினையாக முடிந்தது.

ஜூலை 2 இரவுதான் இந்த ஆண்டின் அச்சாணி என்பது என் கருத்து. பிராங்குகளின் முழுப் படையும் சஃபூரியாவில் முகாமிட்டிருந்தது. குதிரைவீரப் பிரபுக்கள் சுமார் 1,200 பேர். காலாட்களையும் சேர்த்தால் 15,000 முதல் 20,000 வரை. அங்கே வற்றாத ஊற்றுகள் இருந்தன. சலாஹுத்தீனோ கலிலேயா ஏரிக்கரையிலுள்ள திபேரியாவை முற்றுகையிட்டு அவர்களை வெளியே இழுக்கப் பார்த்தார். திபேரியா ரேமண்டின் ஊர். கோட்டைக்குள் சிக்கியிருந்தவர் அவருடைய மனைவி எஷீவா. அந்த ரேமண்டேதான் எழுந்து, போக வேண்டாம் என்றார். ஊர் போனால் போகட்டும், மனைவியைப் பிறகு மீட்டுக்கொள்ளலாம், இந்தக் கோடையில் தண்ணீரில்லாத வழியில் படையை நடத்தினால் நாடே போய்விடும் என்று வாதாடினார். மன்னரும் ஒப்புக்கொண்டார். எல்லோரும் கலைந்த பிறகு ஜெரார்டு தனியாக மன்னரின் கூடாரத்துக்குப் போய், ரேமண்டை துரோகி என்று சொல்லி மனத்தை மாற்றிவிட்டார். விடிந்ததும் புறப்படும்படி கட்டளை வந்தது. காரணம் கேட்டவர்களுக்கு மன்னர் விளக்கம் சொல்லவே இல்லை. தன் சொந்த இழப்பை முன்வைத்து ஒருவர் சொன்ன நல்ல புத்தி, ஓர் இரவுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

திபேரியா ஒரு நாள் நடைத்தூரம்தான். ஜூலை 3 காலையில் துரான் ஊற்றைத் தாண்டினார்கள்; அதற்குப் பிறகு தண்ணீர் இல்லை. சலாஹுத்தீனின் ஆட்கள் பின்னால் புகுந்து திரும்பும் வழியையும் அடைத்துவிட்டார்கள். நாள் முழுக்க அம்பு மழை. மாலையில் நடக்க முடியாமல் வறண்ட மேட்டிலேயே தங்கினார்கள். எதிர்ப்பக்கத்தில் ஒட்டகங்கள் ஏரியிலிருந்து தோல்பைகளில் தண்ணீர் சுமந்து வந்துகொண்டே இருந்தன. மறுநாள் சலாஹுத்தீனின் ஆட்கள் காய்ந்த புல்லுக்குத் தீ வைத்தார்கள்; புகை முழுவதும் தாகத்தில் தவித்தவர்களின் முகத்தில் வந்து மோதியது. கீழே ஏரி கண்ணுக்குத் தெரிகிறது, போக வழியில்லை. காலாட்கள் அணியைவிட்டு ஹத்தீன் என்ற இரட்டைக் கொம்புக் குன்றின்மேல் ஏறிவிட்டார்கள். இறங்கச் சொன்ன மன்னரிடம், தாகத்தால் சாகிறோம், எங்களால் போரிட முடியாது என்றார்களாம். இயேசு அறையப்பட்ட மெய்ச்சிலுவை என்று அவர்கள் நம்பிய மரத்துண்டைச் சுமந்துவந்த ஆயர் கொல்லப்பட்டார், சிலுவை கைப்பற்றப்பட்டது. ரேமண்ட் எதிரணியைப் பிளந்துகொண்டு தப்பினார். ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்துபோனார்.

சலாஹுத்தீனின் மகன் அல் அஃப்தல் அப்போது இளைஞர். பிராங்குகள் பின்வாங்கியபோது வென்றுவிட்டோம் என்று கத்தியதாகவும், அதோ அந்தக் கூடாரம் விழும்வரை வெல்லவில்லை என்று தந்தை அதட்டியதாகவும் அவரே பின்னாளில் சொன்னதை வரலாற்றாசிரியர் இப்னுல் அதீர் எழுதிவைத்திருக்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே மன்னரின் செந்நிறக் கூடாரம் சாய்ந்தது. சலாஹுத்தீன் குதிரையிலிருந்து இறங்கி, மண்ணில் விழுந்து தொழுது அழுதார்.

அடுத்து நடந்ததைப் பலரும் அறிவார்கள். சிறைப்பட்ட மன்னருக்குக் குளிர்ந்த சர்பத் கொடுத்தார் சுல்தான். மன்னர் குடித்துவிட்டு மீதியை ரெனால்டிடம் நீட்டினார். கைதிக்கு உணவோ நீரோ கொடுத்துவிட்டால் அவனைக் கொல்லக் கூடாது என்பது அரபு மரபு. இவனுக்கு நான் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டு, சபதப்படியே ரெனால்டைத் தன் வாளால் வெட்டினார். நடுங்கிய கீயிடம், அரசர்கள் அரசர்களைக் கொல்வதில்லை என்றார். மறுநாள் எஷீவா திபேரியாக் கோட்டையை ஒப்படைத்தார். அவரை மரியாதையோடு திரிப்போலிக்கு அனுப்பிவைத்தார்கள். யாரை மீட்கப் போகிறோம் என்று சொல்லி ஒரு படையே அழிந்ததோ, அவருக்கு ஒரு கீறலும் இல்லை.

இந்த வரிசையில் பலரும் சொல்லாமல் விடும் இரண்டு செய்திகள் உண்டு. சிறைப்பட்ட டெம்ப்ளர், ஹாஸ்பிட்டலர் வீரர்கள் இருநூறு பேரளவில் சலாஹுத்தீனின் கட்டளைப்படி தலைவெட்டப்பட்டார்கள். சாதாரணக் காலாட்கள் டமாஸ்கஸில் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். ஆட்கள் குவிந்ததால் விலை சரிந்து, ஒரு கைதி ஒரு ஜோடி செருப்புக்குக் கைமாறினான். அவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

காவல் படை முழுவதும் ஹத்தீனில் அழிந்ததால் நகரங்கள் வரிசையாக விழுந்தன. ஜூலையில் ஆக்ர் துறைமுகம், சீதோன், ஆகஸ்டில் பெய்ரூட், செப்டம்பர் தொடக்கத்தில் அஸ்கலான். தீரு நகரம் மட்டும் தப்பியது. கான்ராட் என்ற இத்தாலியப் பிரபு தற்செயலாகக் கப்பலில் வந்திறங்கி அதன் பாதுகாப்பைக் கையில் எடுத்தார். சுல்தானின் கைதியாக இருந்த அவருடைய வயதான தந்தையை மதிலுக்கு முன் நிறுத்தி, நகரைக் கொடுத்தால் விடுவிப்பதாகச் சொன்னபோதும் அவர் மசியவில்லை.

ஜெருசலேமில் அகதிகள் நிரம்பியிருந்தார்கள். போர்வீரர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. பாலியன் என்ற பிரபு தன் மனைவி மக்களை அழைத்துப்போக ஒரே இரவு தங்குவதாகச் சலாஹுத்தீனிடம் சத்தியம் செய்து உள்ளே வந்தவர். மக்கள் அவரை விடவில்லை. நிலைமையைச் சொல்லிச் சுல்தானுக்கே எழுதினார். அவர் கோபப்படாமல், பாலியனின் குடும்பத்தை வெளியேற்றத் துணைக்கு ஆள் அனுப்பினார்! செப்டம்பர் 20இல் முற்றுகை தொடங்கியது; 29இல் மதில் பிளந்தது. 1099இல் பிராங்குகள் இந்நகரில் நடத்திய படுகொலைக்குப் பழிவாங்கி, வாளால்தான் நுழைவேன் என்று சுல்தான் முதலில் உறுதியாக நின்றார். அப்படியானால் எங்களிடமுள்ள முஸ்லிம் கைதிகள் ஐயாயிரம் பேரைக் கொல்வோம், முஸ்லிம்களின் புனிதத் தலமான பாறைக் குவிமாடத்தை இடிப்போம், பிறகு வெளியே வந்து போரிட்டுச் சாவோம் என்றார் பாலியன். அதன் பிறகுதான் உடன்பாடு வந்தது. வெளியேற மீட்புப் பணம் ஆணுக்கு 10 தினார், பெண்ணுக்கு 5, குழந்தைக்கு ஒன்றோ இரண்டோ. கெடு நாற்பது நாள். அக்டோபர் 2 வெள்ளிக்கிழமை நகரம் ஒப்படைக்கப்பட்டது. இஸ்லாமிய நாட்காட்டியில் அது ரஜப் 27, நபியின் விண்ணேற்ற நாள். படுகொலை நடக்கவில்லை. புனிதக் கல்லறைத் தேவாலயத்தை இடிக்கச் சொன்னவர்களின் பேச்சைச் சுல்தான் கேட்கவில்லை.

இனிதான் அந்தப் பத்துத் தினார். ஏழைகள் ஏழாயிரம் பேருக்காக மொத்தமாக 30,000 தினார் கட்டப்பட்டது. அதற்கு மேலும் ஆயிரக்கணக்கானோர் மிச்சமிருந்தார்கள். சுல்தானின் தம்பி அல் ஆதில் ஆயிரம் பேரைப் பரிசாகக் கேட்டு வாங்கி அங்கேயே விடுவித்தார். சுல்தானும் முதியவர்களை விடுவித்தார். தலைமைப் பேராயர் ஹெராக்ளியஸோ தன் பத்துத் தினாரைக் கட்டிவிட்டுத் தேவாலயச் செல்வங்களோடு வெளியேறினார். அதைப் பறிக்கச் சொன்னபோதும், வாக்குத் தவற மாட்டேன் என்று சுல்தான் மறுத்தார். அந்த உறுதியை மதிக்கிறேன். ஹெராக்ளியஸை என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர் கொண்டுபோன பொன்னில் எத்தனை பேரை மீட்டிருக்கலாம்! கடைசிவரை மீட்கப்படாமல் அடிமையானவர்கள் சுமார் 15,000 பேர் என்று சுல்தானின் செயலர் இமாதுத்தீனே எழுதியிருக்கிறார். அவர்களில் பாதிக்கு மேல் பெண்களும் குழந்தைகளும்.

ஐரோப்பாவில் போப் மூன்றாம் அர்பன் அக்டோபர் 20இல் இறந்தார். ஹத்தீன் தோல்விச் செய்தி கேட்ட துயரமே காரணம் என்று அக்காலத்தவர் பேசிக்கொண்டார்கள். அடுத்து வந்த எட்டாம் கிரிகோரி அக்டோபர் 29இல் புதிய சிலுவைப் போருக்கு அழைப்பு விடுத்தார். அந்த மடலில் ஹத்தீன் இருக்கிறது. ஜெருசலேம் விழுந்த செய்தி அதற்குள் வந்துசேரவில்லை. டிசம்பரில் அவரும் இறந்தார். மூன்றாம் சிலுவைப் போர் அந்த அழைப்பிலிருந்து பிறந்ததுதான்.

மீட்கப்பட்ட அகதிகளில் ஒரு பகுதியினர் எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில் குளிர்காலத்தைக் கழித்தார்கள். வசந்தத்தில் இத்தாலியக் கப்பல்கள் புறப்பட்டபோது, பணமில்லாதவர்களை ஏற்ற மாலுமிகள் மறுத்துவிட்டார்கள். துறைமுக வழக்கப்படி கப்பல்களின் சுக்கான்கள் நகர ஆளுநரின் காவலில் இருந்தன. இந்த ஏழைகளையும் ஏற்றிக்கொண்டு, வழியில் எங்கும் இறக்கிவிடாமல் ஊர் சேர்ப்பதாக வாக்களிக்கும்வரை சுக்கான்களைத் தர முடியாது என்று அந்த முஸ்லிம் ஆளுநர் சொல்லிவிட்டார். இதைப் பதிந்துவைத்தது பிராங்குகளின் நாளாகமமே. மாலுமிகள் வாக்களித்தார்கள், அதன் பிறகே சுக்கான்கள் கப்பலேறின.