லிஸ்பனில் ஒரு வருடம் தங்கிப் பார்க்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் பணி ஓய்வு பெற்றவர்கள். மே மாதம் பத்து நாள் லிஸ்பன் போகிறோம். பிடித்துவிட்டால் பென்ஷனை வைத்து ஒரு வருடமாவது அங்கே வாடகைக்கு இருக்க ஆசை. போகும்போதே எதையெல்லாம் பார்த்துவிட்டு வரலாம்?
– வாசகி, கோவை

பதில்: குடியிருக்கும் எண்ணம் உண்டென்றால் மே வேண்டாம், ஜனவரியில் போங்கள். மே மாதத்தில் எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும். மழையும் குளிரும் சேரும் மாதத்தில்தான் வீட்டின் குணம் தெரியும். போர்ச்சுகலில் கட்டடங்களின் வெப்பக் காப்புக்கு முதல் விதிமுறை வந்ததே 1990-ல். அதற்கு முந்தைய வீடுகள் பெரும்பாலானவற்றில் சுவருக்குக் காப்பு கிடையாது, ஜன்னலுக்கு ஒற்றைக் கண்ணாடி. வெளியே 10 டிகிரி குளிரைவிட உள்ளே இருக்கும் ஈரக் குளிர்தான் மூட்டுவலிக்காரர்களைப் படுத்தும்.

வீடு பார்க்கும்போது அலமாரியைச் சற்று நகர்த்தி, பின்சுவரைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று ஈரமாக இருந்தாலும், மூலையில் கரும்புள்ளி தெரிந்தாலும் அது பூஞ்சைக்கு அறிகுறி. புதுப் பெயின்ட் வாடை அடித்தால் இன்னும் கவனம் தேவை. குளிர்காலத்தில் வெயில் வரும் தெற்கு பார்த்த ஜன்னலுக்குக் கொஞ்சம் கூடுதல் வாடகை கொடுக்கலாம், தப்பில்லை. எரிசக்திச் சான்றிதழையும் கேளுங்கள். வாடகைக்கு விட அது கட்டாயம். மின் இணைப்பின் திறன் எத்தனை கேவிஏ (ஒரே நேரத்தில் எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்ற அளவு) என்பதும் முக்கியம். பல வீடுகளில் 3.45தான். 2,000 வாட் ஹீட்டரும் இண்டக்‌ஷன் அடுப்பும் சேர்ந்து ஓடினால் மின்சாரம் ட்ரிப் ஆகிவிடும்.

1755 நவம்பர் 1 நிலநடுக்கத்தில் பெருமளவு தப்பிய பழைய குடியிருப்புப் பகுதியான அல்ஃபாமா, நடந்து பார்க்க அற்புதமான இடம். குடியிருக்க அதை நான் சொல்லமாட்டேன். லிஃப்ட் இல்லாத குறுகிய படிகள், வெயில் எட்டாத சந்துகள், மழையில் வழுக்கும் கல் பாவிய நடைபாதை. காம்போ டி ஓரிக், பென்ஃபிகா பக்கம் பாருங்கள்.

விசா விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பாதீர்கள். பென்ஷன்காரர்களுக்கு டி7 விசா. அதற்கு இந்தியாவிலிருந்தே விண்ணப்பிக்க வேண்டும். மாத வருமானம் அந்நாட்டின் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையக் கூடாது. 2025-ல் அது 870 யூரோவாக இருந்தது. துணைக்குப் பாதி சேர்த்தால் இருவருக்கும் 1,305. தங்குமிடச் சான்றும் கேட்பார்கள். பெரும்பாலும் ஓராண்டு வாடகை ஒப்பந்தம். அதாவது, விசா கிடைக்கும் முன்பே வீட்டைப் பிடிக்க வேண்டும். ஜனவரிப் பயணத்தை நான் வலியுறுத்துவதற்கு இதுவும் காரணம். படத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் தப்பிக்கலாம். ஒப்பந்தம் போட ‘நிஃப்’ என்ற வரி எண் தேவை. அந்தப் பயணத்திலேயே வாங்கிவிடுங்கள். வாடகைக்கு ரசீது தர மறுக்கும் உரிமையாளர் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும் விலகிவிடுங்கள்.

கேள்வி: லிஸ்பனின் 28-ம் எண் ட்ராமில் உட்கார இடம் கிடைக்குமா? நம்மூர் மளிகை?
– வாசகர், திருச்சி

பதில்: ட்ராம் புறப்படும் மார்ட்டிம் மோனிஸில் ஏறினால் நெரிசலும் பிக்பாக்கெட்டும்தான். காலை எட்டு மணிக்குள் மறுமுனையான காம்போ டி ஓரிக்கில் ஏறுங்கள். பருப்பு, மசாலா, பச்சை மிளகாய்க்கு மார்ட்டிம் மோனிஸைச் சுற்றியுள்ள தெற்காசியக் கடைகள், குறிப்பாக பென்ஃபொர்மோசோ தெரு.