குழந்தைக்கு பவுடர் ஆன்டிபயாடிக் சிரப்பை எப்படிக் கலக்குவது? காய்ச்சல் விட்டதும் நிறுத்தலாமா?

எழுதிக் கொடுத்தது அமாக்ஸிசிலின், கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த 30 மில்லி பாட்டில் என்று வைத்துக்கொள்கிறேன். நம் ஊரில் குழந்தைகளுக்கு அதிகம் எழுதுவது அதைத்தான்.

முதலில் பாட்டிலைத் தட்டி, அடியில் கட்டியாக இருக்கும் பவுடரை உதிர்த்துவிடுங்கள். காய்ச்சி முழுவதுமாக ஆறவைத்த தண்ணீரைப் பாட்டிலில் போட்டிருக்கும் கோட்டுக்குப் பாதி வரை ஊற்றிக் குலுக்குங்கள். வெந்நீர் கூடாது, கிளாவுலனிக் அமிலம் சூட்டில் கெட்டுவிடும். நுரை அடங்கும்வரை பொறுங்கள். பிறகு கோடு வரை ஊற்றி மறுபடி குலுக்குங்கள். அவசரப்பட்டு நுரையையும் சேர்த்து அளந்தால் தண்ணீர் குறைந்து மருந்து கெட்டியாகும்; கோட்டைத் தாண்டினால் கடைசி வேளை வரை அளவு குறைவாகவே போகும். பெட்டிக்குள்ளேயே தண்ணீர்க் குப்பி இருந்தால் அதையே ஊற்றுங்கள்.

கலக்கியதும் தேதியைப் பாட்டிலில் எழுதி ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல. எத்தனை நாளில் தீர்க்க வேண்டும் என்பது லேபிளில் இருக்கும். பெரும்பாலும் ஏழு நாள். மருந்து அடியில் படிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு வேளையும் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும்.

பலர் கோட்டை விடும் இடம் இது. ஒரு வேளைக்கு 5 மில்லி, தினம் இரண்டு வேளை என்றால் 30 மில்லி மூன்றே நாளில் தீர்ந்துவிடும். டாக்டர் சொன்னது ஐந்து நாளாக இருக்கும். பாட்டில் காலி, காய்ச்சலும் இல்லை, சரி முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டு பாட்டில் வாங்குங்கள், இரண்டாவதை முதலாவது தீர்ந்த பிறகு கலக்குங்கள். 'இப்போதெல்லாம் கோர்ஸை முடிக்கத் தேவையில்லை என்கிறார்களே' என்று யாராவது கீழே கமெண்டில் எழுதுவார்கள். சில நோய்களுக்குக் குறைந்த நாளே போதும் என்பது உண்மைதான். ஆனால் அந்த நாளைக் கணக்கிட வேண்டியவர் டாக்டர், தெர்மாமீட்டர் அல்ல.

அளக்க வீட்டு ஸ்பூன் வேண்டாம். பாலாடையும் வேண்டாம், பாதி மருந்து அதிலேயே ஒட்டிக்கொள்ளும். ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துக் கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். 5 மில்லியில் 228.5 மில்லிகிராம், 457 மில்லிகிராம் என்று இரண்டு வீரியத்தில் வருகிறது. கடையில் மாற்றிக் கொடுத்தால் அதே 5 மில்லியில் மருந்து இரட்டிப்பாகும், அல்லது பாதியாகும். சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சாப்பிட ஆரம்பிக்கும்போது கொடுத்தால் வயிற்றுக்கு நல்லது. 1-0-1 என்றால் காலை எட்டு, இரவு எட்டு. மாலை ஐந்து அல்ல. ஒரு வேளை விட்டுப்போனால் நினைவு வந்ததும் கொடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

லேசான வயிற்றுப்போக்கு இந்த மருந்தில் சகஜம், ஓஆர்எஸ் கொடுத்துத் தொடரலாம். உடம்பில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல், மலத்தில் ரத்தம் என்றால் நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மாத்திரை அட்டையை நான்கு நான்காக வெட்டிக் கொடுக்கும் கடைகள் எரிச்சலூட்டுகின்றன. பெயர் ஒரு துண்டில், காலாவதித் தேதி இன்னொரு துண்டில். ஆன்டிபயாடிக் போன்ற, டாக்டர் சீட்டில்லாமல் சாப்பிடக் கூடாத மருந்து என்று காட்டும் சிவப்புக் கோடு குப்பையில். வாங்கியவர் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்?

வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் மாத்திரை இருக்கிறது, அதை வேளாவேளைக்குக் கரைத்தால் போதும்.